எழுத்தா, கோலமா, கூடையா, பாட்டா: வேலை ஆடும் நாட்களில் எதைக் கையில் எடுப்பது?

பெங்களூரில் தமிழ் பேசும் வீடுகளில் இப்போது ஒரே கேள்வி பல உருவத்தில் சுற்றி வருகிறது. ஒயிட்ஃபீல்டில் ஒருவருடைய டீமில் பாதிப் பேருக்குச் சீட்டு கிழிந்துவிட்டது. தன் பெயர் அடுத்த பட்டியலில் இருக்கிறதா என்று தெரியாமலே தினமும் லாகின் செய்துகொண்டிருக்கிறார். எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்னொருவருக்கு அந்த மெயில் வந்தே விட்டது, நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். மர்ஃபி டவுனில் ஒரு அம்மா பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கிறார். மாரத்தஹள்ளி பி.ஜி.யில் மதுரைப் பெண்ணுக்கு வேலை இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. நாலு பேருக்கும் யாராவது ஒருவர் இதே யோசனையைச் சொல்லியிருப்பார்: "ஏதாவது பாட்டு, கைவேலைன்னு ஆரம்பிச்சுடுங்க, மனசு ஒரு நிலைக்கு வந்துடும்."

யோசனை சரிதான். எதை ஆரம்பிப்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "பிடிச்சதைச் செய்" என்பது பதிலே இல்லை. தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஆளுக்கு எதுவும் பிடிக்காது. பள்ளியில் நன்றாக வரைந்தேன் என்று பழைய திறமையைத் தேடிப் போனால், பதினைந்து வருஷம் துருப்பிடித்த கை இன்னும் ஒரு தோல்வியைத்தான் கொடுக்கும். அதனால் இங்கே தேர்வை நிலைமையிலிருந்து தொடங்குகிறோம்: உங்களை ஆட்டுவது என்ன மாதிரியான நிச்சயமின்மை?

எடுத்துக்கொண்டது நான்கு: மனதில் இருப்பதை எழுதுவது, சிக்குக் கோலம், வயர் கூடை, குழுவாகப் பாடுவது. நான்கும் தமிழ் வீட்டுக்குப் புதிதில்லை. படம் வரைவதும் மண்பாண்டமும் கடைசியில் கொஞ்சம் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நிலைமை. இதுதான் முதல் அளவுகோல். காத்திருப்பு வேறு, அடி விழுந்த பிறகான நாட்கள் வேறு, ஆளில்லாத் தனிமை வேறு. காத்திருப்பில் யோசிக்க யோசிக்கப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் தகவல் இன்னும் வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் கேட் ஸ்வீனியும் அவருடைய குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். கவலையை அடக்கப் பார்த்ததும், நல்லதே நடக்கும் என்று தேற்றிக்கொண்டதும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. நேரம் போவதே தெரியாமல் ஒரு வேலையில் மூழ்கக் கிடைத்தவர்கள்தான் அந்த நாட்களை நன்றாகக் கடந்தார்கள். அப்படி மூழ்குவதற்கு வேலை உங்கள் கைத்திறனை விட ஒரு படி மட்டும் கடினமாக இருக்க வேண்டும். சரியா தவறா என்பதும் அங்கேயே, அப்போதே தெரிய வேண்டும்.

தொடங்க ஆகும் நேரம். மனம் சோர்ந்த நாளில் பத்து நிமிடத் தயாரிப்பே பெரிய சுவர். உட்கார்ந்து மூன்று நிமிடத்துக்குள் கை ஓட வேண்டும்.

முடிவு. வேலை, வீட்டுக்கடன், விசா என்று எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கும்போது, இன்றைக்குத் தொடங்கி இன்றைக்கே முடிகிற ஒன்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

பிழை. தவறினால் அவிழ்க்கலாமா, அழிக்கலாமா, நாலு பேர் பார்க்க அசடு வழிய வேண்டுமா?

மறைசெலவு. பணம் மட்டுமில்லை. இடம், முழங்கால், பயணம், வீட்டார் பேச்சு எல்லாம் சேர்த்துத்தான்.

| | எழுத்து | சிக்குக் கோலம் | வயர் கூடை | குழுப்பாட்டு |
|---|---|---|---|---|
| எந்த நிலைமைக்கு | அடி விழுந்து சில வாரம் ஆன பின் | காத்திருப்பு | காத்திருப்பு, இழுத்துக்கொண்டே போகும் கவலை | தனிமை |
| தொடங்க | 1 நிமிடம் | தாளில் 2, தரையில் 10 | 2 நிமிடம் | பயணத்தைப் பொறுத்தது |
| முடிவு | 4 நாள் | அன்றைக்கே | ஒன்றிரண்டு வாரம் | முடிவில்லை, வாரம் ஒருமுறை |
| பிழை | பிழை என்றே இல்லை | அழிக்கலாம் | அவிழ்க்கலாம், அலுப்புத் தரும் | குழுவில் கரைந்துவிடும் |
| பெரிய மறைசெலவு | அடுத்தவர் கண்ணில் படுவது | முழங்கால், வழுக்கும் டைல் | சேர்ந்துபோகும் கூடைகள் | டிராஃபிக், குழு அரசியல் |

## எழுத்து: மருந்து போல, அளவோடு

நான்கில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை எளிது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை அறுக்கிற விஷயத்தைப் பற்றி நிறுத்தாமல் எழுத வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1994-இல் வந்தது. ஒரு பெரிய கணினி நிறுவனத்திலிருந்து வேலை போன பொறியாளர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றிய உணர்வுகளை ஐந்து நாள், தினம் இருபது நிமிடம் எழுத வைத்தார்கள். அப்படி எழுதியவர்களுக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை, கூடுதலாக யாரையும் தொடர்புகொள்ளவும் இல்லை. பழைய முதலாளி மேலிருந்த ஆத்திரம் காகிதத்தில் இறங்கிவிட்டதால் நேர்காணலில் அது எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் பொருத்தமான விளக்கம். "ஏன் அங்கிருந்து வந்தீர்கள்?" என்ற கேள்விக்குக் குரல் இறுகாமல் பதில் சொல்ல முடிவதே பாதி வேலை என்று எச்.ஆர். பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

செய்யும் விதம்:

கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்று போதும், அவென்யூ ரோட்டில் மொத்தமாக அடுக்கி வைத்திருப்பார்கள். தடித்த அட்டை போட்ட அழகான டைரி வாங்காதீர்கள். அழகான தாள் அழகான வாக்கியத்தைக் கேட்கும், அது இங்கே இடைஞ்சல். போனில் பதினைந்து நிமிட டைமர் வைத்துவிட்டு அதைக் குப்புறப் போடுங்கள். எழுத்துப்பிழை, தமிழா ஆங்கிலமா, வாக்கியம் முடிந்ததா என்று எதையும் பார்க்க வேண்டாம். நீங்கள் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் கடைசி வரியையே மறுபடி எழுதுங்கள், அடுத்தது தானாக வரும். படுக்கைக்குப் போகுமுன் எழுத வேண்டாம். எழுதி முடித்து ஒரு மணி நேரமாவது மனம் கனத்துத்தான் இருக்கும். அது இயல்பு. நாலாம் நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? முதல் நாள் பக்கத்தையும் நாலாம் நாள் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். முதல் நாளில் "ஏன் எனக்கு", "அவன் எப்படி அப்படிச் செய்யலாம்" என்று இருக்கும். நாலாம் நாளில் "அதனால்தான்", "இப்போது பார்த்தால்", "புரிகிறது" போன்ற சொற்கள் கூடியிருந்தால் நல்ல குறி. காரணம் சொல்லும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் நாளுக்கு நாள் கூடியவர்களே அதிகப் பலன் பெற்றார்கள் என்று பென்னிபேக்கர் பின்னால் சொற்களை எண்ணிக் காட்டினார். நாலு நாளும் அதே வரி, அதே ஆத்திரம், அதே வசவு என்றால் அது எழுத்தில்லை, அரைத்த மாவையே அரைப்பது. அங்கேயே விட்டுவிடுங்கள்.

இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. 2013-இல் டேவிட் ஸ்பாரா குழுவினர், அண்மையில் துணையைப் பிரிந்தவர்களிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் குடைகிற சுபாவம் உள்ளவர்களுக்கு, உணர்வை எழுதியது தேறுவதைத் தாமதப்படுத்தியது. அன்றன்றைக்கு என்ன செய்தோம் என்று மட்டும் குறித்தவர்கள் அவர்களை விட நன்றாக இருந்தார்கள். ஆகவே நீங்கள் குடைகிற ஆளாக இருந்தால் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதுங்கள்: "6:40 எழுந்தேன். பால் வாங்கினேன். இரண்டு விண்ணப்பம். மாமாவுக்கு போன்." உணர்ச்சிக்கு அங்கே வேலை இல்லை.

மறைசெலவு பெரிதும் ரகசியம் சம்பந்தப்பட்டது. அலுவலக லேப்டாப்பில் ஒரு வரி கூட எழுதாதீர்கள். அதில் நடப்பதை நிறுவனம் பார்க்க முடியும், கடைசி நாளன்று உள்ளே நுழைவதே முடங்கிவிடும். வீட்டில் மாமனார் மாமியார் இருந்தாலோ, பி.ஜி.யில் மூன்று பேர் ஒரு அலமாரியைப் பகிர்ந்தாலோ, எழுதிய பக்கத்தை அன்றைக்கே கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். எழுதியதில்தான் பலன், வைத்திருப்பதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துப் பூட்டி வைத்தால் போதும்.

எப்போது வேண்டாம்: முடிவு இன்னும் வராத காத்திருப்பில் வேண்டாம். பயாப்ஸி முடிவுக்கு முந்தின நாள் எழுத உட்கார்ந்தால், மனம் இல்லாத நோய்க்கெல்லாம் கதை கட்டும். அடி விழுந்த அதே வாரத்திலும் வேண்டாம். எழுதும்போது தாங்க முடியாதது எதுவோ மேலே வருகிறது என்று தோன்றினால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள், இல்லையென்றால் எழுந்து போய்விடுங்கள். பென்னிபேக்கரே வைத்த விதி இது.

## சிக்குக் கோலம்: காத்திருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு

கோலம் என்றதும் மார்கழி, வாசல், போட்டி என்று நினைவு ஓடும். இங்கே வேண்டியது அதில் ஒரு துண்டுதான்: புள்ளியைச் சுற்றி நெளிந்து ஓடும் சிக்குக் கோலம். பூவும் மயிலும் வரைய ஓவியக் கை வேண்டும். சிக்கு அப்படியில்லை, அது கணக்கு. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி 1970-களில் இதைக் கணினி இலக்கணமாகவே, அதாவது கணினி பின்பற்றக்கூடிய விதிகளாகவே, எழுதிப் பார்த்தார். ஐ.டி. ஆட்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போவதில் வியப்பில்லை.

புள்ளிகளை நேர்ப்புள்ளியாகச் செவ்வகத்தில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே கோடு ஒருமுறை தன்னை வெட்டிக்கொண்டு சாய்வாகப் போக வேண்டும். ஓரப் புள்ளி வந்தால் அதை வளைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். விதி இவ்வளவுதான். இப்போது விளையாட்டைப் பாருங்கள். 4 புள்ளி 4 வரிசை வைத்தால் நான்கு தனித்தனி வளையம் வரும். 4 புள்ளி 5 வரிசை வைத்தால் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இரண்டு எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை வளையம். 6-க்கு 9 என்றால் மூன்று. அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுத்தால் எப்போதும் ஒன்று.

படி ஏறும் வரிசை இப்படி இருக்கட்டும்:

- 2 × 3: கோடு 7 இடத்தில் வெட்டும். கையை எடுக்காமல் வரும்வரை போடுங்கள்.
- 3 × 4: 17 இடம்.
- 4 × 5: 31 இடம். பெரும்பாலானோர் இங்கே ஓரிரு நாள் நிற்பார்கள்.
- 5 × 6: 49 இடம்.

பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் புள்ளியும் சுற்றப்படும் முன்பே கோடு மூடிக்கொண்டால், எங்கேயோ ஒரு வெட்டை விட்டுவிட்டு வளைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் அது ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில் இருக்கும். அங்கேதான் கை ஓரம் வந்துவிட்டதாக அவசரப்பட்டுத் திரும்பும். கோட்டின் மேல் விரலை வைத்து, வெட்டுகளை எண்ணிக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். இந்தத் தேடல்தான் மருந்து. 31 வெட்டை எண்ணுகிற மனதில் எச்.ஆர். மெயிலுக்கு இடம் இருக்காது.

முதல் வாரம் தாளில்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், புள்ளிக்குப் புள்ளி இரண்டு சென்டிமீட்டர். தரைக்கு வரும்போது கடையில் "ரங்கோலி புடி" என்று கன்னடத்தில் கேளுங்கள், வெள்ளைக் கல்மாவு கிடைக்கும். வெறும் பச்சரிசி மாவு விரலிடுக்கில் கட்டிபட்டு விட்டுவிட்டு விழும். கல்மாவோடு கொஞ்சம் கலந்தால் இழை சீராக வரும், எறும்புக்கும் பங்கு கிடைக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ள, மற்ற மூன்று விரலும் மாவைத் தாங்க வேண்டும். தண்ணீர் தெளித்த உடனே போட்டால் மாவு திட்டாகக் குடித்துக்கொள்ளும். பளபளப்பு மறைந்து ஈரம் மட்டும் தெரியும் நேரம்தான் சரி.

அடுக்குமாடி வராந்தாவில் வேறு சிக்கல். வழுவழு டைலில் மாவு ஒட்டாது, யாராவது வழுக்கினால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் அடிபடும். அதற்கு இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் கறுப்பு மேட் பெயின்ட் அடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தனி வீடாக இருந்தால் கவலையே இல்லை. கன்னட வீட்டு வாசலிலும் தினம் ரங்கோலி உண்டு, யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள். எதிர்வீட்டு அம்மா நின்று "எஷ்டு சுக்கி?" என்று கேட்டால் புள்ளி எத்தனை என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

முழங்கால் வலி இருப்பவர்கள் குந்தி உட்கார வேண்டாம், மேஜைமேல் பலகை போதும். ஆண்கள் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதன் குறை, பழகிவிட்டால் மூழ்கடிக்கும் சக்தி குறைகிறது. 5 × 6 கண்ணை மூடிக்கொண்டு வருகிறது என்றால் ஊடுபுள்ளிக்கு மாறுங்கள், அதில் ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் வரும். நடுவரிசையில் 15 புள்ளியில் தொடங்கி, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் முடியும் ஊடுபுள்ளி மொத்தம் 169 புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

## வயர் கூடை: நீண்டு போகும் கவலைக்கு

கோலம் அன்றன்றைக்கு முடிகிறது. சில கவலை அப்படியில்லை. அப்பாவின் டயாலிசிஸ், ஆறு மாதமாக நகராத விசா, முடியாத வழக்கு என்று இழுத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்டவருக்குத் தினம் அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிற ஒன்று வேண்டும். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வயர் கூடை அதற்கென்றே பிறந்தது. கையில் எடுத்த உடனே நேற்று விட்ட இடம் தெரிகிறது, யாராவது கூப்பிட்டால் அப்படியே மடியில் வைக்கலாம், ஒரு முடிச்சும் அவிழாது.

முதல் வேலையே பெரிய கூடை வேண்டாம். பேனா ஸ்டாண்ட் அல்லது மொபைல் பை, ஒரு ரோலில் முடிந்துவிடும். சாதா முடிச்சு மட்டும். நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் முடிச்சுகள் எல்லாம் இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம். காய்கறிக்கு எடுத்துப் போகும் நடுத்தரக் கூடைக்கு இரண்டு மூன்று ரோல் ஆகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

வயர் நீளம் போதாமல் போவது முதலாவது. விளிம்புக்கு நாலு வரிசை இருக்கும்போது வயர் தீர்ந்தால் அழுகையே வரும். வெட்டும் முன் மீந்த துண்டில் ஐந்து முடிச்சுப் போட்டு, எவ்வளவு வயர் உள்ளே போயிற்று என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதை மொத்த முடிச்சுக் கணக்கோடு பெருக்கி, முடியும் இடத்தில் உள்ளே செருக ஒரு ஜாண் கூட்டி வெட்டுங்கள். தீர்ந்தே விட்டது என்றால் புது வயரைப் பழைய முடிச்சுகள் மூன்று நான்கிற்குள் செருகி இழுத்துத் தொடரலாம். வெளியே தெரியாது.

இரண்டாவது, கை இறுக்கம். காலையில் போட்ட வரிசை இறுக்கமாகவும் ராத்திரி போட்டது தளர்வாகவும் இருந்தால் கூடை ஒரு பக்கம் சாயும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் பின்னாதீர்கள். ஆள்காட்டி விரல் ஓரம் தேயும் இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நம்ம ஊர்க் குளிர். டிசம்பர், ஜனவரி காலையில் வயர் விறைத்து முடிச்சு உட்காராது. வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கித் துடைத்தால் இளகிவிடும்.

ஒரே நிறத்தில் எல்லா ரோலையும் ஒரே நாளில் வாங்குங்கள், ஒன்று கூடுதலாகவே. அடுத்த மாதம் அதே கடையில் அதே சிவப்பு வேறு சிவப்பாக இருக்கும். மெட்ரோவில் பின்னுவதாக இருந்தால் வயரை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போங்கள். கத்தரிக்கோலைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தி வைக்கலாம். நகவெட்டியால் நுனி நறுக்கலாம்.

மறைசெலவு என்னவென்றால் கூடை சேரும். மூன்றாவது கூடைக்குப் பிறகு வீட்டில் எங்கே வைப்பது என்ற பேச்சு வரும், அதன் பின்னாலேயே "வித்துடலாமே!" என்ற யோசனையும் வரும். வேலை போன நேரத்தில் கேட்க இனிக்கும். ஆனால் ஆர்டர் என்று வந்ததும் தேதி வரும், நிறம் சரியில்லை என்ற பேச்சு வரும், கூலி கணக்குப் போட்டால் மணிக்கு இவ்வளவுதானா என்ற அதிர்ச்சி வரும். ஓய்வாக இருந்தது இன்னொரு நிச்சயமில்லாத வேலையாகிவிடும். முதல் ஆறு மாதம் விற்காதீர்கள். கொடுத்துவிடுங்கள். அத்தைக்கு, வாட்ச்மேன் அண்ணாவுக்கு, கீரைக்கார அக்காவுக்கு. கீரைக்கார அக்கா மறுநாள் அதில் கொத்தமல்லி வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் அடுத்த கூடையைத் தொடங்கக் கை பரபரக்கும்.

## சேர்ந்து பாடுவது: ஆளில்லாதவருக்கு

பெங்களூருக்குப் புதிதாக வந்தவர், குழந்தைகள் வெளிநாடு போன பெற்றோர், வீட்டிலிருந்தே வேலை செய்து மனித முகம் மறந்தவர், இவர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் பாதிதான் உதவும். மூன்றும் தனியாகச் செய்பவை.

ஏன் பாட்டு? 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எய்லுனெட் பியர்ஸ், ஜாக் லானே, ராபின் டன்பார் மூவரும் இங்கிலாந்தில் வயதுவந்தோருக்கான கல்வி வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களும், கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களும் ஏழாம் மாத முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாட்டுக்காரர்கள் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் முன்பே மூச்சு ஒன்றாக ஏறி இறங்குகிறது. கூச்சக்காரருக்கு இது வரப்பிரசாதம்.

எங்கே போவது என்றால் கச்சேரிப் பாட்டு வகுப்பைத் தேட வேண்டாம். அங்கே தனித்தனியாகப் பாடிக் காட்டச் சொல்வார்கள். பஜனைக் குழு, மார்கழி விடியலில் பாசுரம் பாடும் குழு, தமிழ்த் திருப்பலி நடக்கும் தேவாலயப் பாடகர் குழு, இவையே பொருத்தம். அல்சூர், சிவாஜி நகர், மல்லேஸ்வரம் பக்கம் கோயிலிலோ தேவாலயத்திலோ விசாரித்தால் வழி காட்டிவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து முணுமுணுத்தால் போதும்.

சுருதியை, அதாவது குழு எந்த உயரத்தில் பாடுகிறது என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையும் பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையும் பொதுவாகப் பொருந்தும். கலந்த குழுவில் ஒரு தரப்பு தொண்டையை இழுக்க வேண்டி வரும். மூன்று வாரம் பாடியும் தொண்டை கரகரத்தால் குரல் கெட்டது என்று எண்ண வேண்டாம், சுருதி பொருந்தவில்லை. கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு குழு பாருங்கள்.

பயணம் இதன் பெரிய செலவு. ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: போய்வரும் நேரம் பாடும் நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒயிட்ஃபீல்டிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் வந்து பச்சைக்கு மாறிப் போவது சாத்தியம்தான், ஆனால் மூன்றாம் வாரம் சலித்துவிடும். வீட்டுக்கு அருகில் ஐந்து பேர் சேர்ந்த சுமாரான குழு, தூரத்து நல்ல குழுவை விட மேல். அடுத்த செலவு குழு அரசியல். யார் முதலில் எடுத்துக்கொடுப்பது, மைக் யார் பக்கம் என்ற சண்டை எந்தக் குழுவுக்கும் விலக்கில்லை. முதல் வருடம் எந்தப் பொறுப்பும் ஏற்காதீர்கள், குறிப்பாகப் பொருளாளர் பதவி.

## சேர்க்காமல் விட்டவை

படம் வரைவதை விட்டது மோசம் என்பதால் இல்லை. கலைச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமலின் 2016 ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் படம், களிமண், ஒட்டுவேலை என்று ஏதோ ஒன்றைச் செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதில் வித்தியாசமில்லை. சிக்கல் என்னவென்றால் பெரியவர்கள் வரைந்தால் "மாதிரி வரலையே" என்று தன்னைத்தானே அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் குரல் உங்களுக்கு இல்லை என்றால் தாராளமாக வரையலாம்.

மண்பாண்டம் கைக்கு அருமையான வேலை, நிச்சயமில்லாத நாளுக்குச் சுமாரான தேர்வு. இன்று வனைந்தது காய்ந்து, சூளைக்குப் போய் வர வாரங்கள் ஆகும். பெங்களூர் மழைக்காலத்தில் இன்னும் கூட. சூளையில் வெடித்தால் காற்றுக் குமிழி என்பார்கள், பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். முழுக்கக் காயாத சுவருக்குள் தண்ணீர் ஆவியாகி உடைக்கிறது. ஏற்கெனவே காத்திருப்பவரை இன்னொரு முடிவுக்குக் காத்திருக்க வைக்க வேண்டாம். ஸ்டுடியோவில் சேர்வதாக இருந்தால் மண், சூளைக் கூலி, மெருகு, தவறிய வகுப்பு, இந்த நான்கும் கட்டணத்தில் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள்.

## ஆக, யாருக்கு எது

பட்டியலில் பெயர் வருமா என்று தெரியாத ஒயிட்ஃபீல்டுக்காரருக்குக் கோலம், காலையில் லாகின் செய்யும் முன் இருபது நிமிடம். மெயில் வந்துவிட்ட எலெக்ட்ரானிக் சிட்டிக்காரருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் கூடை, பிறகு முதல் நேர்காணலுக்கு முன்பாக நான்கு நாள் எழுத்து. மர்ஃபி டவுன் அம்மாவுக்குக் கூடை, மருத்துவமனைக்கும் சேர்த்து. மாரத்தஹள்ளிப் பெண்ணுக்குப் பாட்டு, அதுவும் நடந்து போகும் தூரத்தில். இரண்டைச் சேர்ப்பதாக இருந்தால் தனியாகச் செய்வது ஒன்று, ஆட்களோடு செய்வது ஒன்று. ஒரே மாதத்தில் மூன்றைத் தொடங்கினால் மூன்றும் நின்றுபோகும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த நான்கில் எதுவும் முதல் மருந்து இல்லை. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இதே ஊரில்தான் இருக்கிறது.

எதை எடுத்தாலும் பத்து நாள் கொடுங்கள். அதற்குள் பிடிக்காவிட்டால் அடுத்ததற்கு மாறலாம், குற்ற உணர்வு வேண்டாம். அந்தப் பத்து நாளும் வேலையை வரிசை முடிவில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள். கூடையில் ஓடும் வயர் பாதி முடிச்சில் நீட்டிக்கொண்டிருக்கட்டும், நோட்டில் 4 × 5 கோலத்தின் கோடு பதினேழாவது வெட்டில் நிற்கட்டும். மூடி அலமாரியில் வைக்காமல் காபி டம்ளர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், மறுநாள் காலை போனுக்குப் போகிற கை முதலில் அதைத் தொடும்.